நேற்றுவரை நல்லா இருந்த குழந்தைக்கு திடீரென என்ன ஆச்சு? 300 ஆண்டுகளுக்கு முன்பே எழுதிவைத்த டாக்டர்... யார் இந்த தாமஸ் சைடன்ஹாம்?

பத்து வயதுப் பெண் குழந்தை. போன வாரம் வரை நோட்டில் முத்து முத்தாக எழுதியவள். இந்த வாரம் எழுத்து கோணல்மாணலாகப் போகிறது. தண்ணீர் டம்ளரை வாயருகே கொண்டுபோவதற்குள் பாதி சட்டையில் கொட்டிவிடுகிறது. காரணமே இல்லாமல் அழுகிறாள், அடுத்த நிமிடம் சிரிக்கிறாள். கையைக் கழுவிவிட்டு வந்து திரும்பவும் கழுவப் போகிறாள்.

பள்ளியில் டீச்சர் சேட்டை என்று நினைக்கிறார். பக்கத்து வீட்டு அம்மா காத்து கருப்பு அடிச்சிருக்கும் என்கிறார். கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஷிப்ட் முடிந்து களைத்துப்போய் வீட்டுக்கு வரும் அப்பாவுக்கு, முதலில் டாக்டரிடம் போவதா, மந்திரிக்கப் போவதா என்று ஒன்றும் புரிவதில்லை. கவரைப்பேட்டை, பொன்னேரி, திருவள்ளூர் என எந்த ஊரிலும், எந்த வீட்டிலும் நடக்கக்கூடிய காட்சி இது.

குழந்தைகளிடம் இப்படித் திடீரெனத் தெரியும் மாற்றத்துக்கு உடலுக்குள்ளேயே ஒரு காரணம் இருக்கலாம். சாதாரணத் தொண்டை வலியில் தொடங்கி, மூளையைத் தொட்டு, சில நேரம் இதயத்தையும் பாதிக்கும் காரணம் அது. அதைக் கண்டுபிடிக்கும் பயணம் 17-ம் நூற்றாண்டு லண்டனில், முறையாகப் பெரிதாகப் படிக்காத ஒரு டாக்டரிடம் ஆரம்பிக்கிறது. அவர் பெயர் தாமஸ் சைடன்ஹாம்.

போர்க்களத்தில் இருந்து மருத்துவத்துக்கு

1624-ம் ஆண்டு, இங்கிலாந்தின் டார்செட் பகுதியில் உள்ள விண்ஃபோர்ட் ஈகிள் என்ற கிராமத்தில் பிறந்தார் சைடன்ஹாம். நிலபுலன் உள்ள வசதியான குடும்பம். 1642-ல் படிப்பதற்காக ஆக்ஸ்ஃபோர்டு போனார். போன சில மாதங்களிலேயே மன்னருக்கும் பாராளுமன்றத்துக்கும் உள்நாட்டுப் போர் வெடித்தது. படிப்பை அப்படியே விட்டுவிட்டு பாராளுமன்றப் படையில் சேர்ந்தார். அவருடைய சகோதரர்களும் அதே பக்கம்தான் நின்றார்கள்.

அந்தப் போர் குடும்பத்தையே உலுக்கியது. 1644-ல் அவருடைய அம்மா மன்னர் தரப்பு வீரர்களால் கொல்லப்பட்டார். சகோதரர்களிலும் சிலர் போரில் இறந்தார்கள்.

சண்டை ஓய்ந்ததும் ஆக்ஸ்ஃபோர்டுக்குத் திரும்பும் வழியில், லண்டனில் தன் அண்ணனுக்கு வைத்தியம் பார்த்துக்கொண்டிருந்த டாக்டர் தாமஸ் காக்ஸ் என்பவரைச் சந்தித்தார். நீங்கள் ஏன் மருத்துவம் படிக்கக் கூடாது என்ற காக்ஸின் யோசனைதான் அவர் வாழ்க்கையைத் திருப்பியது. 1648-ல் மருத்துவப் பட்டம் வாங்கிவிட்டார். அதற்காக அவர் படித்த காலம் ரொம்பக் குறைவு. வென்ற பக்கத்து ஆள் என்பதும் அந்தப் பட்டத்துக்கு உதவியது.

1655-ல் மேரி கீ என்பவரைத் திருமணம் செய்துகொண்டு லண்டன் வெஸ்ட்மின்ஸ்டரில் குடியேறினார். 1660-ல் முடியாட்சி திரும்பி வந்தபோது நிலைமை தலைகீழானது. இப்போது அவர் தோற்ற கட்சிக்காரர். அரசியல் கதவு மூடியது, மிச்சம் இருந்தது வைத்தியம் மட்டும்தான். 1663-ல் லண்டன் மருத்துவர்கள் கல்லூரியில் வைத்தியம் பார்க்க லைசென்ஸ் வாங்கினார். ஆனால் அந்தக் கல்லூரி கடைசிவரை அவரை முழு உறுப்பினராகச் சேர்த்துக்கொள்ளவே இல்லை.

புத்தகத்தை மூடிவிட்டு நோயாளியைப் பார்த்தவர்

அந்தக் காலத்து ஐரோப்பிய டாக்டர்களுக்கு மருத்துவம் என்றால் பழைய கிரேக்க, லத்தீன் நூல்கள்தான். உடம்பில் நான்கு வகை நீர்கள் உண்டு, அவற்றின் சமநிலை கெட்டால் நோய் என்பது அவர்களின் கணக்கு. நம் ஊர் வாத, பித்த, கபக் கணக்கு போன்றதுதான். நோயாளி யாராக இருந்தாலும், காய்ச்சல் எதுவாக இருந்தாலும், இந்தக் கணக்கில் அடக்கிவிடுவார்கள்.

சைடன்ஹாமும் இந்தக் கணக்கை முழுசாக விட்டவர் இல்லை. ஆனால் ஒரு வேலையை மற்றவர்களைவிட அதிகமாகச் செய்தார். நோயாளியின் கட்டிலருகே உட்கார்ந்து பார்த்தார். காய்ச்சல் எந்த நாளில் வந்தது, எத்தனையாவது நாளில் தடிப்பு வந்தது, முதலில் எந்தக் கால் வலித்தது என்று வரிசையாகக் குறித்துவைத்தார். செடிகளை வகை பிரிப்பது போல நோய்களையும் அடையாளம் பார்த்து வகை பிரிக்கலாம் என்பது அவர் எண்ணம்.

மருத்துவம் கற்க எந்தப் புத்தகம் படிக்கலாம் என்று ரிச்சர்ட் பிளாக்மோர் என்ற இளைஞர் கேட்டபோது, ஸ்பானிய நகைச்சுவை நாவலான டான் கிஹோட்டேவைப் படிக்கச் சொன்னாராம். மருத்துவம் புத்தகத்தில் இல்லை என்பதை அவர் பாணியில் சொன்னதாக இதை எடுத்துக்கொள்கிறார்கள்.

தத்துவ அறிஞர் ஜான் லாக் இவருக்கு நெருங்கிய நண்பர். லாக்கும் மருத்துவம் படித்தவர். சைடன்ஹாம் நோயாளிகளைப் பார்க்கப் போகும்போது கூடவே போய்ப் பார்த்திருக்கிறார். அனுபவத்தில் இருந்துதான் அறிவு வருகிறது என்று பின்னாளில் உலகத்துக்கே சொன்னவர் இந்த லாக்.

அம்மை வந்தவருக்கு ஜன்னலைத் திறந்தவர்

பெரியம்மை அன்று லண்டனை ஆட்டிப்படைத்த நோய். அம்மை போட்டவரை அறைக்குள் அடைத்து, ஜன்னலைச் சாத்தி, கணப்பை மூட்டி, கம்பளிமேல் கம்பளியாகப் போர்த்தி, சூடான மருந்து கொடுத்து வியர்க்க வைப்பதுதான் டாக்டர்களின் வழக்கம். உள்ளே இருக்கும் விஷம் வெளியே வரணும் என்பது அவர்களின் நியாயம்.

சைடன்ஹாம் இதை மாற்றினார். காற்று வரட்டும், போர்வை லேசாக இருக்கட்டும், குளிர்ச்சியாகக் குடிக்கக் கொடுங்கள் என்றார். அம்மை போட்டால் வேப்பிலை, இளநீர், நீர்மோர், குளிர்ச்சி என்று பழகிய தமிழ்நாட்டு வீடுகளுக்கு இதில் ஆச்சரியமே இருக்காது. ஆனால் அன்றைய லண்டனில் இது பெரிய எதிர்ப்பைக் கிளப்பியது.

மலேரியா போன்ற முறைக்காய்ச்சலுக்கு தென் அமெரிக்காவில் இருந்து வந்த சிங்கோனா பட்டையைச் சரியான நேரத்தில், சரியான அளவில் கொடுப்பது எப்படி என்று எழுதினார். பின்னாளில் குவினைன் எடுக்கப்பட்டது இந்தப் பட்டையில் இருந்துதான். இயேசு சபைப் பாதிரிமார்கள் கொண்டுவந்த பட்டை என்பதாலேயே சந்தேகமாகப் பார்த்த ஊர் அது. வலிக்கு அபினைத் திராட்சை மதுவில் கரைத்து, குங்குமப்பூ, பட்டை, கிராம்பு சேர்த்து அவர் தயாரித்த மருந்தும் ஐரோப்பா முழுக்கப் பரவியது.

குறைகளும் உண்டு. 1665-ல் லண்டனில் பிளேக் தாண்டவமாடியபோது, குடும்பத்தோடு ஊரைவிட்டு வெளியேறியவர்களில் சைடன்ஹாமும் ஒருவர். ரத்தம் எடுத்துவிடுவது, பேதிக்குக் கொடுப்பது போன்ற அன்றைய வைத்தியங்களை அவரும் செய்தார். அவர் மகான் இல்லை, கவனமாகப் பார்த்த ஒரு மனிதர்.

தன் கால் வலியையே பாடமாக்கியவர்

இளம் வயதிலேயே அவருக்கு கவுட் எனும் மூட்டு நோய் வந்துவிட்டது. கால் கட்டைவிரலில் நள்ளிரவில் வலி தொடங்கி, போர்வை பட்டால்கூடத் தாங்க முடியாத அளவுக்குப் போகும் நோய் இது. கூடவே சிறுநீரகக் கல். வாழ்நாளில் பெரும்பகுதி இந்த இரண்டோடும்தான் ஓடியது.

1683-ல் கவுட் பற்றி அவர் எழுதிய நூல் மருத்துவ உலகில் இன்றும் பேசப்படுகிறது. காரணம் எளிது. அது அவருடைய சொந்த வலி. எப்போது தொடங்குகிறது, எப்படி ஏறுகிறது, எப்போது இறங்குகிறது என்று தன் உடம்பையே நோயாளியாக வைத்துப் பார்த்து எழுதினார். கவுட் வேறு, மூட்டுக்கு மூட்டு தாவும் வாத நோய் வேறு என்று பிரித்துக் காட்டியதும் அவர்தான்.

1686: ஒரு காலை இழுத்து நடக்கும் குழந்தை

இறப்பதற்கு மூன்று ஆண்டுகளுக்கு முன், 1686-ல் வெளியிட்ட சிறு நூலில், போகிற போக்கில் என்பதுபோல ஒரு நோயை விவரித்தார். சுமார் பத்து வயதில் இருந்து பருவ வயது வரையுள்ள ஆண், பெண் குழந்தைகளுக்கு வருவது.

முதலில் ஒரு கால் தடுமாறும். குழந்தை அதை இழுத்து இழுத்து நடக்கும். பிறகு அதே பக்கத்துக் கை. எந்த இடத்தில் வைத்தாலும் அந்தக் கை நிற்காது, தானாக வேறு பக்கம் இழுத்துக்கொண்டு போகும். குடிக்கக் கோப்பையைக் கையில் கொடுத்தால், வாய்க்கு நேராகப் போகாமல் கை இங்கும் அங்கும் அலையும். எப்படியோ உதட்டுக்கு வந்ததும் ஒரே மூச்சில் குடித்துவிடும். பார்ப்பவருக்குக் குழந்தை கோமாளித்தனம் செய்வது போல இருக்கும்.

இந்தக் கட்டுரையின் தொடக்கத்தில் பார்த்த டம்ளர் நினைவிருக்கிறதா? 300 ஆண்டுகளுக்கும் மேல் ஆகியும் இந்த விவரிப்பு மாறவில்லை. இன்றும் மருத்துவ மாணவர்கள் ஏறத்தாழ இதே அடையாளங்களைத்தான் படிக்கிறார்கள். நோய்க்கும் அவர் பெயர்தான்: சைடன்ஹாம் கோரியா. கோரியா என்றால் கிரேக்க மொழியில் நடனம்.

அவர் காலத்தில் இதற்குப் புனித வைட்டஸ் நடனம் என்று பெயர். அந்தப் பெயருக்குப் பின்னால் ஒரு குழப்பம் இருக்கிறது. இடைக்கால ஐரோப்பாவில் கூட்டம் கூட்டமாக மக்கள் தெருவில் நிறுத்தாமல் ஆடிய சம்பவங்கள் நடந்தன. 1518-ல் ஸ்ட்ராஸ்பர்க் நகரில் நடந்தது அதில் பிரபலம். புனிதரின் கோபம் என்று நினைத்து வைட்டஸ் கோயிலுக்குக் கூட்டிப்போனார்கள். அதே பெயரைத்தான் சைடன்ஹாம் குழந்தைகளின் நோய்க்கும் பயன்படுத்தினார். பெயர் ஒன்று, விஷயம் வேறு. தெய்வக் குற்றத்தின் பெயரைத் தாங்கிய ஒன்றை, சாதாரண நோயாக, கால், கை, வயது என்று பட்டியல் போட்டு எழுதியதுதான் அவர் செய்த பெரிய காரியம்.

மூன்று முனை கையில் இருந்தும் நூல் கிடைக்கவில்லை

கதையின் முக்கியமான இடம் இதுதான்.

சைடன்ஹாம் மூன்று நோய்களைத் தனித்தனியாக எழுதினார். ஒன்று, உடம்பெல்லாம் சிவந்த தடிப்போடு வரும் ஸ்கார்லெட் காய்ச்சல். தட்டம்மையில் இருந்து இதைப் பிரித்துக் காட்டியவர்களில் அவர் முக்கியமானவர். அவர் பார்த்த காலத்தில் அது லேசாகவே வந்துபோனதால், பெரிய நோயாகவே அவர் அதை மதிக்கவில்லை. இரண்டு, மூட்டுக்கு மூட்டு தாவும் வாத நோய். மூன்று, குழந்தைகளின் கோரியா.

மூன்றும் ஒரே கிருமியின் வேலையாக இருக்கலாம் என்பது அவருக்குத் தெரியாது. தெரிய வழியும் இல்லை. கிருமி என்ற சங்கதியே அப்போது மருத்துவத்தில் கிடையாது. அதனால் கோரியாவுக்கும் நரம்புகளில் ஏதோ கெட்ட நீர் இறங்கிவிட்டது என்றே காரணம் சொன்னார். ரத்தம் எடுத்தும் பேதிக்குக் கொடுத்தும் வைத்தியம் பார்த்தார். விவரிப்பு நிலைத்தது, காரணமும் வைத்தியமும் காலாவதியாகிவிட்டன.

சரி, அந்த நூல் எப்போது கிடைத்தது? மெதுவாக, ஒவ்வொரு முடிச்சாக. 19-ம் நூற்றாண்டில் பிரான்ஸ் நாட்டு டாக்டர்கள் ஜெர்மைன் சே 1850-லும், ஆன்றி ரோஜே 1866-லும், கோரியாவும் வாதக் காய்ச்சலும் இதய நோயும் ஒரே குழந்தைக்கு அடுத்தடுத்து வருவதைக் காட்டினார்கள். 1874-ல் தியோடர் பில்ரோத் மணிமாலை போல வரிசையாக நிற்கும் கிருமிக்கு ஸ்ட்ரெப்டோகாக்கஸ் என்று பெயர் வைத்தார். 1930-களில் அமெரிக்காவின் ரெபெக்கா லான்ஸ்ஃபீல்டு அந்தக் கிருமிகளை ஏ, பி, சி எனக் குழுக்களாகப் பிரித்தார். தொண்டையைத் தாக்கி வாதக் காய்ச்சலைத் தூண்டுவது ஏ குழு.

ஆனாலும் கோரியா மட்டும் போக்குக் காட்டியது. குழந்தைக்குக் கை கால் ஆடும் நேரத்தில் தொண்டையைச் சோதித்தால் கிருமியே இருக்காது. காரணம், தொண்டை வலிக்கும் கோரியாவுக்கும் நடுவே பல வாரங்கள், சில நேரம் ஆறு மாதம் வரைகூட இடைவெளி இருக்கும். 1956-ல் டரான்டா, ஸ்டாலர்மன் என்ற இரண்டு ஆராய்ச்சியாளர்கள்தான் அந்த இடைவெளியைக் கணக்கில் எடுத்து, தனியாக வரும் கோரியாவுக்கும் ஏ குழு ஸ்ட்ரெப்டோகாக்கஸ்தான் காரணம் என்று நிறுவினார்கள். சைடன்ஹாம் எழுதி 270 ஆண்டுகள் கழித்து!

தொண்டைக் கிருமி மூளைக்கு எப்படிப் போகிறது?

கிருமி மூளைக்குப் போவதில்லை. போவது நம் உடம்பின் சொந்தப் படை.

தொண்டையில் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் நுழைந்ததும், அதை அடையாளம் பார்த்துத் தாக்க எதிர்ப்புப் புரதங்களை உடம்பு தயாரிக்கிறது. அந்தக் கிருமியின் மேலுறையில் உள்ள சில பகுதிகள், நம் இதய வால்வு, மூட்டு, மூளை நரம்புகளில் உள்ள சில பகுதிகளின் ஜாடையில் இருக்கின்றன. திருடனைப் பிடிக்கப் போன போலீஸ், அவன் ஜாடையில் இருந்த வீட்டுக்காரரையே பிடித்து அடித்தால் எப்படி இருக்கும்? அப்படித்தான். மூளையின் அடிப்பகுதியில், அசைவுகளைக் கட்டுப்படுத்தும் நரம்பு முடிச்சுகள் இதில் அடி வாங்குகின்றன. கை கால் தானாக ஆடுகிறது. கோரியா வந்த குழந்தைகளின் ரத்தத்தில் இந்த நரம்புகளைப் பிடிக்கும் எதிர்ப்புப் புரதங்கள் இருப்பதை 1976-ல் ஹஸ்பி என்ற ஆராய்ச்சியாளரின் குழு காட்டியது.

அதே நரம்பு முடிச்சுகளுக்கு மனநிலையோடும் தொடர்பு உண்டு. அதனால்தான் கோரியா வந்த குழந்தை திடீரென அழுவதும் எரிச்சல்படுவதும் ஒரே செயலைத் திரும்பத் திரும்பச் செய்வதும். பல நேரங்களில் கை கால் ஆடுவதற்கு முன்பே இந்த மாற்றங்கள் தெரிந்துவிடும்.

பாண்டாஸ்: இன்னும் முடியாத விவாதம்

இந்த இடத்தில்தான் அமெரிக்க தேசிய மனநல நிறுவனத்தின் டாக்டர் சூசன் ஸ்வீடோ கேள்வி கேட்டார். கோரியா குழந்தைகளுக்கு ஓசிடி எனும் எண்ணச் சுழற்சி நோயின் அறிகுறிகள் வருகின்றன. அப்படியென்றால், கை கால் ஆட்டமே இல்லாமல், ஸ்ட்ரெப்டோகாக்கஸ் தொற்றுக்குப் பிறகு மனநல அறிகுறிகள் மட்டும் திடீரென வரலாமா?

1998-ல் அப்படிப்பட்ட 50 குழந்தைகளைப் பற்றி அவருடைய குழு அறிக்கை வெளியிட்டது. ஓரிரு நாளில் உச்சத்துக்குப் போகும் ஓசிடி, கண் சிமிட்டல், தோள் குலுக்கல் போன்ற திடீர் அசைவுகள், பிரிவு பயம். இதற்கு பாண்டாஸ் என்று சுருக்கப் பெயர் வைத்தார்கள். 2012-ல் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் மட்டுமின்றி வேறு காரணங்களையும் சேர்த்து பான்ஸ் என்ற விரிந்த வரையறை வந்தது. அதில் திடீரெனச் சாப்பாட்டை ஒதுக்குவதும் ஒரு முக்கிய அறிகுறி.

ஆனால் எல்லா டாக்டர்களும் இதை ஏற்றுக்கொள்ளவில்லை. அவர்களின் கேள்வியும் நியாயமானதே. பள்ளிக் குழந்தைகளுக்குத் தொண்டைத் தொற்று சகஜம். நோயே இல்லாமல் தொண்டையில் இந்தக் கிருமியோடு திரியும் குழந்தைகளும் நிறைய. ஓசிடி வந்த குழந்தைக்கு ஸ்ட்ரெப்டோகாக்கஸும் இருந்தால், அது காரணமா, தற்செயலா? உறுதியாகச் சொல்லும் ரத்தப் பரிசோதனை ஒன்று இதுவரை இல்லை. ஆய்வு முடிவுகளும் இரண்டு பக்கமும் இருக்கின்றன.

கோரியா விஷயத்தில் மருத்துவம் இருந்த நிலைதான் இது. அடையாளங்கள் கையில் இருக்கின்றன, நூல் இன்னும் முழுசாகக் கிடைக்கவில்லை.

இந்தியாவுக்கும் இதற்கும் என்ன சம்பந்தம்?

நிறையவே இருக்கிறது. பணக்கார நாடுகளில் வாதக் காய்ச்சல் கிட்டத்தட்ட மறைந்துவிட்டது. நல்ல வீடு, காற்றோட்டம், நெரிசல் குறைவு, பென்சிலின் ஆகியவைதான் அதற்குக் காரணம். இந்தியாவில் அது மறையவில்லை. இங்கு அந்தக் காய்ச்சலால் இதய வால்வு பாதிக்கப்படும் குழந்தைகளைப் பற்றி உரக்கப் பேசியவர்களில் முதல் வரிசையில் நிற்பவர் ஒரு தமிழர், டாக்டர் எஸ்.பத்மாவதி. 1917-ல் பர்மாவில் பிறந்து, இரண்டாம் உலகப் போரின்போது குடும்பத்தோடு கோயம்புத்தூருக்கு வந்து சேர்ந்தவர். இந்தியாவின் முதல் பெண் இதய நோய் நிபுணர் என்று அறியப்படும் அவர், 1962-ல் அகில இந்திய இதய அறக்கட்டளையைத் தொடங்கினார். 2020-ல், 103-வது வயதில் காலமானார்.

கும்மிடிப்பூண்டி போன்ற தொழிற்பேட்டை ஊர்களில் இதைக் கவனிக்கத் தனிக் காரணம் உண்டு. ஒரே அறையில் ஐந்தாறு பேர் தங்கும் லைன் வீடுகள், ஒடிசாவில் இருந்தும் பீகாரில் இருந்தும் வந்து மாறி மாறிக் குடியேறும் குடும்பங்கள், நெரிசலான முகாம் குடியிருப்புகள். இருமலிலும் தும்மலிலும் பரவும் தொண்டைக் கிருமிக்கு நெரிசல்தான் வசதி. ஆலை அருகில் இருப்பதால் இந்த நோய் வருவதில்லை, ஆளோடு ஆள் ஒட்டி வாழ வேண்டியிருப்பதால் வருகிறது.

இன்னொரு விஷயம், லீவு போட்டால் ஒருநாள் கூலி போகும். அதனால் குழந்தைக்குத் தொண்டை வலி என்றால் மெடிக்கல் ஷாப்பில் ரெண்டு மாத்திரை வாங்கிக் கொடுத்துவிட்டு வேலைக்குப் போவதுதான் நடைமுறை. வலி போய்விடும். கிருமி முழுசாகப் போயிருக்காது.

பெற்றோர் என்ன செய்யலாம்?

முதலில், பயம் வேண்டாம். தொண்டை வலி வரும் குழந்தைகளில் மிகப் பெரும்பாலானோருக்கு இதெல்லாம் வருவதில்லை. சைடன்ஹாம் கோரியாவும் பெரும்பாலும் சில மாதங்களில் குறைந்துவிடும். ஆனால் கை கால் ஆட்டம் நின்றுவிட்டதே என்று விட்டுவிடக் கூடாது. கோரியா வந்த குழந்தைக்கு இதய வால்வும் பாதிக்கப்பட்டிருக்கலாம், வெளியே ஒன்றும் தெரியாமலே இருக்கலாம். அதனால் இதயத்துக்கு எக்கோ பரிசோதனை அவசியம். வாதக் காய்ச்சல் என்று உறுதியானால், திரும்ப வராமல் தடுக்க மூன்று, நான்கு வாரத்துக்கு ஒருமுறை பென்சிலின் ஊசியை டாக்டர் சொல்லும் வரை, வருடக்கணக்கில் போட வேண்டியிருக்கும். நடுவில் நிறுத்துவதுதான் ஆபத்து.

குழந்தையின் நடவடிக்கை திடீரென மாறினால், சைடன்ஹாம் செய்ததையே செய்யுங்கள். குறித்துவையுங்கள்.

எந்தத் தேதியில் மாற்றம் தெரிந்தது? அதற்கு முந்தைய ஆறு மாதத்தில் தொண்டை வலி, காய்ச்சல், மூட்டு வீக்கம் வந்ததா? என்ன மருந்து, எத்தனை நாள் கொடுத்தீர்கள்? அசைவு ஒரு பக்கமா, இரண்டு பக்கமுமா? தூங்கும்போது நிற்கிறதா? செல்போனில் அரை நிமிட வீடியோ எடுத்து வைத்தால், ஆயிரம் வார்த்தையில் சொல்வதைவிட டாக்டருக்கு அது உதவும். பழைய பேட்டரி உடைப்பது, ஈயம் உருக்குவது போன்ற வேலையில் வீட்டில் யாராவது இருந்தால் அதையும் மறைக்காமல் சொல்லுங்கள். ஈயமும் குழந்தைகளின் மூளையைப் பாதிக்கும்.

காய்ச்சலோடு வலிப்பு, நினைவு தப்புதல், பேச்சுக் குழறல், ஒரு பக்கம் செயலிழத்தல் ஆகியவை தெரிந்தால் காத்திருக்க வேண்டாம். மூளைக் காய்ச்சல் உட்பட வேறு காரணங்கள் இருக்கலாம். உடனே 108-ஐ அழையுங்கள். மற்றபடி திருவள்ளூர் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை, சென்னை எழும்பூர் அரசு குழந்தைகள் மருத்துவமனை போன்ற இடங்களில் குழந்தைகள் நல டாக்டரைப் பாருங்கள்.

கோயிலுக்கோ தர்காவுக்கோ போவது அவரவர் நம்பிக்கை. டாக்டரைப் பார்த்துவிட்டுப் போகலாம். ஆனால் வேப்பிலை அடிப்பதும் கட்டிப்போடுவதும் குழந்தைக்கு இன்னொரு கொடுமை. பள்ளியில் டம்ளரைக் கீழே போட்டதற்காக அடி வாங்கும் குழந்தை, தன் கை தன் சொல்பேச்சு கேட்கவில்லை என்பதை எப்படிச் சொல்லும்?

கடைசி நாட்கள்

கவுட்டும் சிறுநீரகக் கல்லும் வாட்டி எடுக்க, 1689-ம் ஆண்டு டிசம்பர் 29-ம் தேதி லண்டனில் உள்ள தன் வீட்டில் காலமானார் தாமஸ் சைடன்ஹாம். வயது 65. பிக்காடிலி பகுதியில் உள்ள புனித ஜேம்ஸ் தேவாலயத்தில் அடக்கம் செய்யப்பட்டார். பின்னால் வந்தவர்கள் அவரை இங்கிலாந்தின் ஹிப்போகிரேட்டஸ் என்று அழைத்தார்கள். உயிரோடு இருந்தவரை முழு உறுப்பினராகச் சேர்த்துக்கொள்ளாத அதே மருத்துவர்கள் கல்லூரி, 1810-ல் அந்தத் தேவாலயத்தில் அவருக்கு நினைவுக் கல் வைத்தது.

அந்தக் குழந்தைகளின் நோய்க்கு அவர் சொன்ன காரணம் தப்பு. கொடுத்த வைத்தியமும் தப்பு. ஆனால் டம்ளரைப் பிடிக்க முடியாமல் தவித்த பிள்ளையைப் பார்த்து, இது சேட்டை இல்லை, சாபம் இல்லை, நோய் என்று எழுதிவைத்தது சரி. 270 ஆண்டுகள் கழித்து காரணத்தைக் கண்டுபிடித்தவர்களுக்கு முதல் தடயம் அந்தக் குறிப்புதான். கும்மிடிப்பூண்டியில் ஒரு வீட்டில் இன்று குழந்தையின் கை திடீரென ஆடத் தொடங்கினால், டாக்டருக்கும் முதல் தடயம் அம்மாவோ அப்பாவோ குறித்துவைத்த அந்தத் தேதியாக இருக்கலாம்.